ஆர்கோ வண்டியிலை மின்காந்த கிளச் பூட்டி இறைக்கிற பம்பை ஓட்டலாமோ?

உள்ளித்தோட்டம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கோ.

ஒன்ராறியோவிலை பாங்க்ரொஃப்ட் பக்கம் ஒரு துண்டுக் காணி வைச்சிருக்கிறன். கால் ஏக்கரிலை உள்ளி (வெள்ளைப்பூண்டு). ‘மியூசிக்’ எண்டு சொல்லுற இனம். ஒக்ரோபரிலை நட்டு யூலையிலை கிண்டுறது. மே, யூனிலை மழை ஏமாத்தினா இறைச்சே ஆகவேணும், அந்த நேரம்தான் குமிழ் பருக்கிறது. தண்ணிக்குக் குறைவில்லை. காணிக்குப் பின்னாலை பீவர் எண்ட மிருகம் அணை கட்டி உண்டாக்கின குளம் ஒண்டு இருக்கு. ஆனா கரையைச் சுத்தி அறுபது அடிக்குச் சேறு. போன வருசம் ஒரு சின்ன பம்பைக் கையிலை தூக்கிக்கொண்டு போய் முழங்கால் வரை புதைஞ்சன். பம்பைக் காப்பாத்தினன், ஒரு சப்பாத்து இப்பவும் அங்கைதான் கிடக்கு.

அதுக்குப் பிறகுதான் பழைய ஆர்கோ ஒண்டு வாங்கினனான். ஆறு சில்லு. தெரியாத ஆக்களுக்கு: இது நிலத்திலையும் தண்ணியிலையும் போற வண்டி. அடிப்பாகம் முழுக்கத் தோணி மாதிரி ஒரே பிளாஸ்ரிக், ரயர்தான் துடுப்பு. 1967இலை இருந்து இங்கை நியூ ஹாம்பேர்க்கிலை செய்யிறாங்கள். தண்ணியிலை நடக்கிற வேகம்தான் போகும், ஆனா சேத்துக்கை எருமை மாதிரி ஆறுதலா இறங்கி ஏறும்.

எனக்கு வந்த யோசினை: வண்டியிலையே 18 குதிரை வலு எஞ்சின் கிடக்கு, பிறகென்னத்துக்கு இன்னொரு எஞ்சின்? பின்பெட்டியிலை பெல்ட்டிலை ஓடுற பம்ப் ஒண்டைப் பூட்டி, வண்டியைக் குளக்கரைக்கு இறக்கி, சுவிச்சைத் தட்டி இறைச்சா என்ன?

அளந்து பாத்தது இது. எஞ்சின் முந்தின சொந்தக்காரர் மாத்திப் போட்டது, படுக்கைச் சாஃப்ட், ஒரு அங்குல விட்டம், கால் அங்குலக் கீ (சாஃப்டும் புல்லியும் சேர்ந்து சுத்த இடையிலை செருகுற இரும்புத் துண்டு). அந்தச் சாஃப்டிலைதான் வண்டியை ஓட்டுற பெல்ட் கிளச் இருக்கு. அதுக்கும் எஞ்சின் முகத்துக்கும் நடுவிலை ஒண்டேகால் அங்குலம்தான் மிச்சம். சினேகிதர் ஒருத்தர் பழைய புல்லு வெட்டுற ராக்டரிலை இருந்து கழட்டின மின்காந்த கிளச் ஒண்டு தந்தவர், கரண்ட் குடுத்தா மட்டும் சாஃப்டையும் புல்லியையும் சேர்த்துப் பிடிக்கிற சாமான். அதுவும் ஒரு அங்குலத் துளை, ரெண்டு வயர். பற்றறியிலை தொட்டா ‘டக்’ எண்டு பிடிக்குது. மீற்றர் வைச்சுப் பாத்தன், 2.8 ஓம்.

கிளச் மூண்டு அங்குல உயரம், எஞ்சின் சாஃப்டிலை இடமில்லை. அதாலை அந்த ஒண்டேகால் அங்குலத்துக்கை வெறும் புல்லி ஒண்டைப் போட்டு, பெல்ட்டைப் பின்னாலை எடுத்து, கிளச்சைப் பம்பின்ரை சாஃப்டிலை போடப் பாக்கிறன். பம்ப் வேண்டாத நேரம் கிளச்சின்ரை புல்லி சும்மா சுத்தும், சுவிச்சைப் போட்டா பம்ப் சுத்தும். சரியோ? பற்றறி தாங்குமோ? ஈரம் பட்டா என்ன நடக்கும்?

---

வரணியான் எழுதியது:

தம்பி, வெல்டிங்கைத் தொடமுதல் கையை எடும்.

நான் இருபத்தைஞ்சு வருசமா சின்ன எஞ்சின் வேலைதான். உம்மடை திட்டத்திலை ஒரு பிழை இருக்கு, பெல்ட்டை எரிக்கிற பிழை. புல்லு வெட்டுற ராக்டரின்ரை கிளச் வெறும் கிளச் இல்லை, அதுக்குள்ளை பிரேக்கும் இருக்கு. சுவிச்சை நிப்பாட்டினா வெட்டுற அலகு அஞ்சு செக்கனுக்குள்ளை நிக்கவேணும், இல்லாட்டிக் கால் போயிடும். அதுக்காகக் கரண்ட் இல்லாத நேரம் புல்லியைப் பிரேக் தட்டிலை இறுக்கிப் பிடிக்கிற மாதிரித்தான் செய்திருக்கிறாங்கள்.

நம்பாட்டி மேசையிலை வைச்சுப் பாரும். வயர் வாற பக்கத்தை ஒரு கையாலை பிடிச்சுக்கொண்டு புல்லியைத் திருகும். கரண்ட் இல்லாமல் திரும்பாது, திரும்பினாலும் முக்கி முக்கித்தான். பன்னிரண்டு வோல்ட்டைக் குடுத்திட்டுத் திருகும், நடுத்துளையும் சேர்ந்து சுகமாச் சுத்தும்.

இப்ப உம்மடை திட்டத்தை யோசிச்சுப் பாரும். எஞ்சின் பெல்ட் புல்லியை எப்பவும் இழுக்குது. சுவிச் போட்டா நல்லா ஓடும். நிப்பாட்டினாத்தான் புகை! காட்டுக்கை வண்டி ஓடுற நேரம் முழுக்க அந்தப் பெல்ட் பிரேக்கோடை மல்லுக்கட்டும்.

இந்தக் கிளச்சுக்கு ஒரு வழிதான். நடுத்துளைப் பக்கத்தை எஞ்சின் சுத்தவேணும், புல்லிப் பக்கம் பம்பைச் சுத்தவேணும். எஞ்சின் சாஃப்டிலை இடமில்லையெண்டா நடுவிலை இன்னொரு சாஃப்ட் போடும். எஞ்சின் பெல்ட் அந்தச் சாஃப்டை எப்பவும் சுத்தட்டும், கிளச்சை அதிலை கீ போட்டு ஏத்தும், கிளச் புல்லியிலை இருந்து ரெண்டாவது பெல்ட் பம்புக்குப் போகட்டும்.

கார் ஏசி கொம்பிரசர் கிளச்சுக்குப் பிரேக் இல்லை, புல்லி எந்த நேரமும் சுத்தலாம். ஆனா அதின்ரை பெயரிங் கொம்பிரசரின்ரை மூக்கிலைதான் இருக்கும், சாஃப்டும் மெல்லிசு. லேத் இல்லாமல் அந்தப் பக்கம் போகாதையும்.

---

அரை ஏக்கர் எழுதியது:

எனக்கு ஒண்டு விளங்கேல்லை. ரெண்டு அங்குலப் பெற்றோல் பம்ப் ஒண்டை வாங்கி ஆர்கோவின்ரை பின்பெட்டிக்கை வைச்சுக்கொண்டு போனாக் காணாதோ? சேத்துக்கை புதையிறதும் இல்லை, கிளச்சும் இல்லை, சாஃப்டும் இல்லை.

பெல்ட்டிலைதான் ஓடவேணும் எண்டு நிண்டா, வள்ளங்களுக்கு விக்கிற மின்காந்த கிளச் பம்ப் இருக்கு, ஜாப்ஸ்கோ போல ஆக்கள் செய்யிறது. பம்பும் கிளச்சும் ஒண்டாவே வரும், பன்னிரண்டு வோல்ட். ஆனா உள்ளை ரப்பர் இதழ். தண்ணி இல்லாமல் கொஞ்ச நேரம் ஓடினாலே கருகிப் போகும், மண் கலந்த தண்ணி அதைத் தேய்ச்சுப் போடும். பீவர் குளத்துத் தண்ணிக்கு நான் சொல்லமாட்டன்.

---

உள்ளித்தோட்டம் எழுதியது:

வரணியான் அண்ணை, மேசையிலை வைச்சுப் பாத்தன். நீங்கள் சொன்னது அச்சொட்டு. மனிசி பக்கத்திலை நிண்டு பிடிக்க நான் ரெண்டு கையாலும் திருகினன், அசையேல்லை. பற்றறி வயரைத் தொட்டவுடனை வழுக்கிக்கொண்டு சுத்தினது. தோட்டத்துக்குப் போக முதல் கேட்டது நல்லதாப் போச்சு.

அரை ஏக்கர் கேட்டது நியாயம். ரெண்டு எஞ்சின் எண்டா ரெண்டு கார்பறேற்றர். பனிக்காலம் முழுக்கக் கிடந்து அடைபட்டு, சித்திரையிலை ரெண்டையும் கழட்டிக் கழுவவேணும். இது வெளியிலை சொல்லுற காரணம். உள்ளுக்கை இருக்கிறது ஆசை. ஐயா ஊரிலை வெங்காயத்துக்கு இறைக்கிற மிசினைச் சைக்கிள் கரியரிலை கட்டிக்கொண்டு போவார். கிணத்தடியிலை வைச்சு, வாளியாலை தண்ணி வாத்து, கயிறு சுத்தி இழுப்பார். ஒரு சுவிச்சிலை தண்ணி வாறதை நான் ஒருக்காப் பாக்கவேணும்.

நடுச் சாஃப்ட் எப்பிடிச் செய்யிறது எண்டு ஆராவது சொல்லுங்கோ.

---

லேத்துக்காரன் எழுதியது:

வணக்கங்க. நான் கோயம்புத்தூர்ப் பக்கம், இப்ப மிசிசாகாவுல மெஷின் ஷாப்ல இருக்கேன். பம்பு செட்டுன்னா எங்க ஊர்க்காரனுக்குக் கை சும்மா இருக்காதுங்க.

முதல்ல எவ்வளவு சுமைன்னு பாத்துக்குவோம். நிமிஷத்துக்கு 300 லிட்டர், 30 மீட்டர் ஹெட்டுன்னு (தண்ணிய 30 மீட்டர் உயரம் தூக்கற அளவு அழுத்தம்) வெச்சுக்கங்க. தண்ணிக்கு மட்டும் சுமார் ஒன்றரை கிலோவாட். பம்பு பாதித் திறன்ல ஓடுதுன்னா மூணு கிலோவாட், அதாவது நாலு எச்பி. 3000 ஆர்பிஎம்ல அது ஏழு அடி-பவுண்டு முறுக்குதாங்க. இந்த மாதிரி கிளச்சுல சின்னதே அதுக்குப் பல மடங்கு தாங்கும். அதனால கிளச்சு வழுக்குமேன்னு கவலைப்படாதீங்க. வழுக்குனா காரணம் வேற, வோல்ட்டேஜ் குறைஞ்சிருக்கும், இல்லைன்னா கிளச்சுத் தட்டுகளுக்கு நடுவுல இடைவெளி அதிகமாயிருக்கும்.

சாஃப்ட்டு ஒரு இன்ச், முழு நீளத்துக்கும் கீவே (கீ உக்கார்ற காடி) வெட்டுனது கடையில ரெடிமேடாவே கிடைக்கும். ரெண்டு சீல் பண்ண பேரிங் பிளாக். ரெண்டுக்கும் நடுவுல எஞ்சின் பெல்ட்டோட புல்லி, ஒரு பக்கம் வெளிய நீட்டிட்டு இருக்கிற முனையில கிளச்சு. கிளச்சை முடிஞ்ச வரைக்கும் பேரிங்கை ஒட்டியே வைங்க, தள்ளித் தொங்கவிட்டா சாஃப்ட்டு வளையும். சாஃப்ட்டு முனையில துளை போட்டு 7/16-20 மரை வெட்டித் தர்றேன், கிளச்சோட போல்ட்டு அதுலதான் ஏறும். கனமான வாஷர் போட்டு 50 அடி-பவுண்டு இறுக்குங்க.

பேரிங் பிளாக்கை இரும்புச் சட்டத்துல போல்ட்டு பண்ணுங்க. பிளாஸ்டிக் தொட்டியில ஒரு ஓட்டைகூடப் போடாதீங்க.

சுத்துற திசையையும் பாத்துக்கங்க. எஞ்சினை சாஃப்ட்டுப் பக்கமா நின்னு பாத்தா இடஞ்சுழியாத்தான் சுத்தும். பல பம்புல இம்பெல்லர் (தண்ணியத் தள்ளுற சக்கரம்) மரையிலதான் ஏறியிருக்கும். தப்புத் திசையில ஓட்டுனா கழண்டு வந்து மூடியில உரசும். பம்பை எந்தப் பக்கம் பாத்து வைக்கறீங்கங்கறதை அதை வெச்சு முடிவு பண்ணுங்க.

அப்புறம் கிளச்சு முதுகுல ஒரு காடி இருக்கும் பாருங்க, கூடவே சுத்தாம தடுக்கிறதுக்கு. சட்டத்துல இருந்து ஒரு முளை வந்து அந்தக் காடிக்குள்ள லூசா உக்காரணும். இறுக்கமா போல்ட்டு பண்ணிடாதீங்க. எல்லாப் பக்கமும் கொஞ்சம் ஆடணும்.

---

வரணியான் எழுதியது:

லேத்துக்காரர் நல்லா விளக்கிப் போட்டார். மின்சாரப் பக்கத்தை நான் சொல்லுறன்.

2.8 ஓம் எண்டா பன்னிரண்டரை வோல்ட்டிலை நாலரை அம்பியர். எஞ்சின் ஓடி வோல்ட் 13.8க்கு ஏறினா அஞ்சுக்குக் கிட்ட. கிளச் பிடிச்சுக்கொண்டு நிக்கிற நேரம் முழுக்க அது வேணும், ஒருக்கா இழுத்துப்போட்டு விடுற சாமான் இல்லை. உம்மடை எஞ்சின் பற்றறிக்கு எவ்வளவு குடுக்குது? சின்ன எஞ்சின் சிலதிலை 16 அம்பியர் வரும், சிலதிலை 3 அம்பியர்தான். மூண்டு எண்டா ஒவ்வொரு மணித்தியாலமும் பற்றறியிலை இருந்து ரெண்டு அம்பியர்-மணி கடன் வாங்குவீர். ரெண்டு மணித்தியாலம் இறைக்கலாம், ஆனா குளத்துக்குள்ளை எஞ்சினை நிப்பாட்டிப் போட்டு இன்னொருக்கா ஸ்ராட் பண்ண நிக்காதையும்.

கிளச்சை ரிலேயாலை (சின்னக் கரண்டாலை பெரிய கரண்டைப் போட்டு நிப்பாட்டுற சுவிச்) ஓட்டும், 10 அம்பியர் பியூஸ். கிளச்சின்ரை ரெண்டு வயருக்கும் குறுக்கை ஒரு டயோட் (கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுற சாமான்), கோடு போட்ட பக்கம் பிளஸ்ஸுக்கு. இல்லாட்டி ஒவ்வொருக்கா நிப்பாட்டேக்கையும் சுருளிலை இருந்து ஒரு பொறி அடிச்சு ரிலேயின்ரை முனையைத் தின்னும்.

இன்னொண்டு. எஞ்சினை 3000இலை வைச்சா வண்டி ஓட்டுற கிளச்சும் பெல்ட்டைப் பிடிச்சுடும். கியர் நியூட்ரலிலை இல்லாட்டி வண்டி உம்மையும் பம்பையும் ஏத்திக்கொண்டு குளத்துக்கை போகும். கியர்த் தடியிலை ஒரு சின்ன சுவிச்சைப் பூட்டி, நியூட்ரலிலை நிண்டாத்தான் ரிலேக்குக் கரண்ட் போற மாதிரிச் செய்யும். நான் இதைக் கட்டாயம் எண்டுதான் சொல்லுவன்.

---

மழைமானி எழுதியது:

அண்ணா, கிளச் எனக்குத் தெரியாது, தண்ணிக் கணக்குச் சொல்லுறன். கால் ஏக்கருக்கு ஒரு அங்குலத் தண்ணி எண்டா ஏறத்தாழ 25,700 லீற்றர். நிமிசத்துக்கு 300 எண்டா ஒண்டரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைய.

ஒன்ராறியோவிலை ஏரி, ஆறு, நிலத்தடியிலை இருந்து ஒரு நாளைக்கு 50,000 லீற்றருக்கு மேலை எடுக்கிறதுக்கு அனுமதி எடுக்கவேணும். உங்கடை தோட்டத்துக்குப் பிரச்சினை இல்லை. அடுத்த வருசம் அரை ஏக்கராக்கி ஒரே நாளிலை முழுக்க இறைக்கப் போனீங்கள் எண்டா எல்லையைத் தாண்டிப்போடுவீங்கள். ரெண்டு நாளாப் பிரிச்சு இறையுங்கோ.

---

உள்ளித்தோட்டம் எழுதியது:

ஆறு கிழமைக்குப் பிறகு வந்திருக்கிறன். ஓடுது! ஆனா நேரா வந்து சேரேல்லை.

சாஃப்டுக்கு லேத்துக்காரர் மரை வெட்டித் தந்தவர், காசு வாங்கமாட்டன் எண்டு நிண்டார். உள்ளி வந்தவுடனை அவருக்கு ஒரு கட்டு. சட்டத்திலை ரெண்டு கோண இரும்பை வைச்சுப் பேரிங் பிளாக்கைப் பூட்டினன். ரெண்டு பெல்ட்டும் ஏ செக்சன் எண்ட அளவு. நாலு அங்குலப் புல்லிக்கு நாலு, அஞ்சுக்கு அஞ்சு, வேகம் மாத்தேல்லை.

நான் செய்த முட்டாள் வேலை: ‘லூசா உக்காரணும்’ எண்டு அவர் எழுதினதை வாசிச்சிட்டுத்தான் போனன். போய்ப் பூட்டேக்கை முளை காடிக்கை கடகடத்தது. என்ரை கைக்கு அது பிழையாத் தெரிஞ்சுது. கடகடக்கிற சாமானை இறுக்கிறதுதானே பழக்கம். ஒரு வாஷரைத் திணிச்சு, நட்டைப் போட்டு இறுக்கிப்போட்டன்.

ரெண்டாம் நாள் இறைப்பு. இருபது நிமிசம் போயிருக்கும், எஞ்சின் சத்தத்துக்குள்ளை ஒரு மெல்லிய கீச்சுக் கேட்டுது. பெல்ட் எண்டு நினைச்சுத் தண்ணி தெளிச்சன், மாறேல்லை. நிப்பாட்டிப்போட்டுக் கிளச்சின்ரை முதுகிலை புறங்கையை வைச்சன், வைச்ச மாதிரியே எடுத்தன், அவ்வளவு சூடு. கழட்டினா உள்ளை இருந்த பெயரிங்கின்ரை கிரீஸ் கறுத்து வெளியிலை வழிஞ்சிருக்கு. சாஃப்ட் சுத்தேக்கை ஒரு மயிரிழை ஆடும்தானே, கிளச்சின்ரை முதுகும் அதோடை ஆடவேணும். நான் அதைச் சட்டத்தோடை கட்டிப்போட்டதாலை அந்த ஆட்டம் முழுக்கப் பெயரிங்கின்ரை தலையிலை விழுந்திருக்கு. புதுப் பெயரிங் பதினெட்டு டொலர், அதை அடிச்சு இறக்க ஒரு பின்னேரம்.

இப்ப முளை காடிக்கை அங்கையும் இஞ்சையும் கடகடக்குது. கடகடக்கட்டும்.

திருப்பிப் பூட்டேக்கை இடைவெளியையும் பாத்தன். பக்கத்திலை மூண்டு சின்ன யன்னல் இருக்கு, அதுக்குள்ளை பீலர் தகடு விட்டு அளக்கிறது. ஒண்டிலை 0.015 அங்குலம் சரியாப் போச்சு, மற்ற ரெண்டும் 0.025க்கு மேலை. பழைய கிளச் தேய்ஞ்சிருக்கு. மூண்டு நட்டையும் கொஞ்சம் கொஞ்சமா இறுக்கி மூண்டையும் 0.015க்குக் கொண்டுவந்தன். பிறகு எஞ்சினைப் பாதி வேகத்திலை விட்டு, பத்துச் செக்கன் போடு, பத்துச் செக்கன் நிப்பாட்டு, இப்பிடி முப்பது தரம். மகள் எண்ணிக்கொண்டு நிண்டவ. பதினைஞ்சுக்குப் பிறகு பிடிக்கிற சத்தமே மாறிப் போச்சு, ‘டக்’ இல்லை, ‘தொப்’.

சார்ஜிங் மூண்டு அம்பியர்தான். வரணியான் அண்ணைக்கு முன்னமே தெரிஞ்சிருக்கு போல. பற்றறியைப் பெருசாக்கிப் போட்டு, இறைச்சு முடிச்சு வந்து கொட்டிலிலை சார்ஜர் போடுறன். குளத்துக்குள்ளை எஞ்சினை நிப்பாட்டுறேல்லை.

நியூட்ரல் சுவிச் போட்டாச்சு. ரெண்டாம் கிழமையே வேலை செய்துது: மச்சான் தடியை லோ கியரிலை விட்டிட்டுச் சுவிச்சைத் தட்டினவர், பம்ப் அசையேல்லை, ‘பழுதாப்போச்சு’ எண்டு கூப்பிட்டார்.

சூடு ஒரு பிரச்சினை. ஓடாமல் ஒரே இடத்திலை நிண்டு இறைக்கேக்கை எஞ்சினுக்குக் காத்துக் காணாது. முன்மூடியைத் திறந்துவிட்டுத்தான் இறைக்கிறன்.

நேற்று முழுத் தோட்டமும் இறைச்சன். ஒரு மணியும் முப்பத்தைஞ்சு நிமிசமும், மழைமானி தங்கச்சியின்ரை கணக்கை விடப் பத்து நிமிசம் கூட. அந்தப் பத்து நிமிசமும் உறிஞ்சு குழாய்க் கூடையிலை பாசியும் ஒரு தவளையும் அடைச்சுக்கொண்டு நிண்ட நேரம். தவளைக்கு ஒண்டுமில்லை, எடுத்துவிட்டவுடனை பாஞ்சிட்டுது.

---

லேத்துக்காரன் எழுதியது:

அட, வாஷரைத் திணிச்சீங்களா! சரி விடுங்க, எல்லாரும் ஒருக்கா பண்றதுதான். எங்க ஷாப்ல ஒருத்தர் நேர்மாறாப் பண்ணாரு, முளையே வைக்கல. கிளச்சு கூடவே சுத்தி, வயரை மூணு சுத்து சுத்தி, பிச்சு எறிஞ்சிருச்சு.

ரெண்டு பெல்ட்டுக்கும் மூடி போட்டீங்களா? பொண்ணு பக்கத்துல நின்னு எண்ணுச்சுன்னு எழுதியிருக்கீங்க, அதான் கேக்கறேன்.

---

உள்ளித்தோட்டம் எழுதியது:

போடேல்லை. தகடு வாங்கி வைச்சிருக்கிறன், சனிக்கிழமை வெட்டுறன். அதுவரைக்கும் அவ பத்தடி தள்ளி நிண்டுதான் எண்ணுவா.